ரேடியோ செட்காரரோடு ஐந்து நாள்

முதல் நாள்: நாகூர்

போன மாதம் அப்பா தன்னிடம் மிச்சமிருந்த கடைசிக் குழாயையும் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். குழாய் என்றால் கூம்பு ஸ்பீக்கர். குளித்தலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் ரேடியோ செட் வைத்திருந்தவர் அவர். காதுகுத்து, சடங்கு, கல்யாணம், மாரியம்மன் திருவிழா, கட்சிக் கூட்டம், சாவு என்று எதுவானாலும் மூங்கிலில் குழாயைக் கட்டி நிமிர்த்த அப்பாதான் போவார். இப்போது கூம்புக் குழாய்க்குத் தடை. அவருக்கும் வயது எழுபத்து மூன்று. புளியமரம் ஏற ஆளும் கிடையாது.

அலுமினியத்துக்குக் கிடைத்த காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் மேல்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பாப்பா, இதுல பாடினவங்க ஊரை எல்லாம் ஒரு சுத்து பாத்துட்டு வருவோமா?" என்றார். எனக்கு நாற்பத்தைந்து ஆகிறது. இன்னும் பாப்பாதான்.

ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதித் தந்தார். நாகூர் ஹனிபா, சீர்காழி கோவிந்தராஜன், தியாகராஜ பாகவதர், கே.பி.சுந்தராம்பாள், டி.எம்.சௌந்தரராஜன். ஊர்களை எழுதிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். முதல் நான்கு பேரும் காவிரிக்காரர்கள். ஆறு கடலில் சேரும் பக்கம் ஆரம்பித்து மேலே ஏறிக்கொண்டே போனால் நாகூர், சீர்காழி, மாயவரம், திருச்சி, கொடுமுடி. டி.எம்.எஸ். மதுரைக்காரர். வைகையை அடுத்த லீவுக்குத் தள்ளிவைத்தேன். அப்பாவுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல், ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

சாயங்காலம் நாகூர் வந்து சேர்ந்தோம். தர்காவின் ஐந்து மினார்களில் உயரமானது 131 அடி. அதைக் கட்டித் தந்தவர் தஞ்சாவூர் மராட்டிய மன்னர் பிரதாப சிங். அப்பா அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது மேல ஒரு குழாய் கட்டினா..." என்று ஆரம்பித்தார். கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனேன்.

ஹனிபா பிறந்தது 1925 டிசம்பர் 25ஆம் தேதி, ராமநாதபுரத்தில். ஆனால் ஊர் என்றால் நாகூர்தான், பெயரோடு ஒட்டிக்கொண்டதும் அதுதான். பதின்ம வயதில் பாட ஆரம்பித்து எழுபது வருடத்துக்குப் பக்கமாகப் பாடியிருக்கிறார். முஸ்லிம் வீட்டு விசேஷத்துக்குக் குழாய் கட்டினால் அவர் பிளேட்டு, அதாவது இசைத்தட்டு, இல்லாமல் போக முடியாது. அதில் வியப்பில்லை. எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவிலும் அப்பா 'இறைவனிடம் கையேந்துங்கள்' போடுவார். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு வருடம் போட மறந்தபோதுதான் பூசாரி ஆள் அனுப்பினார்.

இன்னொரு ஹனிபாவும் உண்டு. கட்சிக் கூட்டத்து ஹனிபா. 'ஓடி வருகிறான் உதயசூரியன்' வாங்கி வைத்திருக்காத ரேடியோ செட்டுக்கு அந்தக் காலத்தில் தி.மு.க. கூட்டம் கிடைக்காது. 1971 தேர்தலில் அப்பாவுக்குப் பத்தொன்பது வயது. எட்டு மணிக்கு வர வேண்டிய தலைவர் பத்தரைக்குத்தான் வருவார். கூட்டம் கலையாமல் அந்த இரண்டரை மணி நேரமும் கட்சியைக் காப்பாற்றியது ஹனிபா என்பது அப்பாவின் கட்சி. பாடகருக்கு அதற்குக் கூலியும் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம், மேலவை உறுப்பினராகவும் இருந்தார்.

அவர் காலமானது 2015 ஏப்ரல் 8. அடக்கம் நாகூரில்தான். அடக்கத்தலத்துக்குள் பெண்கள் போகிற வழக்கம் இல்லை என்று சொன்னார்கள். நான் வெளியே திண்ணையில் உட்கார்ந்தேன். அப்பா தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவரோடு போனவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். "என்னப்பா பாத்தீங்க?" என்றேன். "மண்ணுதான்" என்றார்.

ராத்திரி தர்கா வாசல் கடையில் வாடா சாப்பிட்டோம். அரிசி மாவில் இறால் வைத்துப் பொரித்தது, இந்தப் பக்கத்துப் பலகாரம். டீக்கடை பாயிடம் அப்பா சரளமாகிவிட்டார். ஹனிபா குரலைப் பற்றி அவர் ஒரு கணக்குச் சொன்னார். குழாயைக் கட்டி முடித்ததும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு வயல் வரப்பு மேல் நடந்துகொண்டே போவாராம். சொல் புரியாமல் போகிற இடத்தில் நிற்பார். அதுதான் குரலின் எல்லை. ஏ.எம்.ராஜா, பி.பி.ஸ்ரீநிவாஸ் எல்லாம் நாலு வயல் தாண்டினால் காற்றோடு கரைந்துவிடுவார்கள். "ஹனிபா வாய்க்கா தாண்டி, ரயில் ரோடு தாண்டி வருவாரு பாய். சொல்லு ஒண்ணு ஒண்ணா வரும்." பாய் பால் டம்ளரைக் கீழே வைக்காமலே தலையாட்டினார்.

சின்ன வயதில் எனக்குக் கிடைத்த வேலை முள் எடுத்துக் கொடுப்பது. பழைய பிளேட்டுக்குப் பாட்டுக்கு ஒரு முள் மாற்ற வேண்டும். சின்னத் தகர டப்பாவில் ஊசி ஊசியாக இருக்கும். இப்போதும் ஹனிபா குரல் கேட்டால் விரல் நுனி குறுகுறுக்கிறது.

இரண்டாம் நாள்: சீர்காழி

நேற்று எழுதியதைக் காலையில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒரே ஒரு திருத்தம். "பாட்டுக்கு ஒரு முள்ளா? கட்டுப்படியாகுமா? டப்பாவுல அப்படித்தான் போட்டிருப்பான். நாம அஞ்சாறு பாட்டுக்கு ஒண்ணு மாத்துவோம்." முள் தேய்ந்தால் பிளேட்டும் தேயும் என்று அவருக்கும் தெரியும். பிளேட்டு தேய்வது அடுத்த வருடக் கவலை, முள் வாங்குவது இன்றைய செலவு.

பஸ் காரைக்கால், தரங்கம்பாடி, திருக்கடையூர் வழியாக. காரைக்காலில் நாலு பேர் பையோடு ஏறினார்கள், பையைத் தாலாட்டுவது போல மடியில் வைத்துக்கொண்டார்கள். புதுச்சேரி எல்லைக்குள் பயணம் செய்கிறோம் என்பதற்கு வேறு அடையாளம் தேவையில்லை. பூம்புகாருக்குப் பிரிகிற கைகாட்டியைப் பார்த்ததும் அப்பா எழுந்து நின்றே பார்த்தார். 1964இல் வந்த 'பூம்புகார்' படத்தில் கே.பி.எஸ். கவுந்தி அடிகளாக வருவார். அவரைப் பற்றிக் கொடுமுடியில் எழுதுகிறேன்.

சீர்காழி பாட்டு ஊர். ஞானசம்பந்தர் மூன்று வயதில் குளக்கரையில் 'தோடுடைய செவியன்' பாடியது இங்கேதான் என்பது தலக்கதை. கீர்த்தனை என்ற வடிவத்துக்கு முன்னோடியான முத்துத்தாண்டவர் இந்த ஊர்க்காரர். ராம நாடகம் எழுதிய அருணாசலக் கவிராயர் தில்லையாடியில் பிறந்து இங்கே வந்து வாழ்ந்தவர். இத்தனை பேர் இருக்கும்போதும் 'சீர்காழி' என்று வெறும் ஊர்ப் பெயரைச் சொன்னால் தமிழ்நாட்டில் பாதிப் பேருக்குக் காதில் ஒலிப்பது ஒரே ஒருவர் குரல். ஒரு ஊரையே தன் பெயராக எடுத்துக்கொள்வது எல்லோருக்கும் கிடைக்காது.

கோயிலில் உச்சிக்காலத்துக்கு முன்பே போய்விட்டோம். 2023 ஏப்ரலில் குடமுழுக்கு வேலைக்காக மண் தோண்டியபோது சாமி சிலைகளோடு நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் கிடைத்த கோயில் இது. செப்பேட்டில் இருந்தவை தேவாரப் பதிகங்கள். யாரோ ஒரு காலத்தில் பயந்து பாட்டைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். அப்பா செய்தியை அப்போதே பேப்பரில் படித்திருக்கிறார். "செம்புன்னா கீறல் விழாது" என்று மட்டும் சொன்னார். எங்கள் வீட்டுப் பரணில் அரக்கு பிளேட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. பாதிக்கு மேல் உடைந்தவை.

கோவிந்தராஜன் பிறந்தது 1933 ஜனவரி 19. சின்ன வயதில் நாடகக் கம்பெனியில் இருந்தார். பிறகு சென்னையில் தமிழிசைக் கல்லூரியில் படித்து இசைமணிப் பட்டம் வாங்கினார். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் கற்றுக்கொண்டவர். சுவாமிநாத பிள்ளை புல்லாங்குழல் வித்வான். குழல்காரரின் சீடர் குரலில் அந்த இழுப்பு எப்படி வந்தது என்பதற்கு எனக்கு இதில் கொஞ்சம் பதில் கிடைக்கிறது. மேல் ஸ்தாயியில் போய் நின்றுகொண்டு அங்கிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடிப்பார், மூச்சு முடிகிற சத்தமே கேட்காது. 1954இல் 'பொன்வயல்' படத்தில் 'சிரிப்புத்தான் வருகுதையா' பாடியபோது வயது இருபத்தொன்று.

ரேடியோ செட் தொழிலில் ஒரு எழுதாத சட்டம் உண்டு. எந்த விசேஷமானாலும் குழாயில் முதல் பாட்டு 'விநாயகனே வினை தீர்ப்பவனே'. அதற்கப்புறம்தான் மற்றவர்கள். விடிகாலை நாலரை மணிக்கு ஊரில் அந்தக் குரல் எழுந்தால், இன்று யார் வீட்டிலோ விசேஷம் என்று அர்த்தம். யார் வீடு என்பதைக் குழாய் பார்த்திருக்கும் திசையை வைத்துச் சொல்லிவிடுவார்கள். எனக்குக் காலண்டர் இல்லாமலே முகூர்த்த நாள் தெரிந்துவிடும். அப்பா படுக்கையில் இருக்க மாட்டார்.

சாவு வீட்டுக்குப் போடுவதும் அவர் பாட்டுத்தான். 1964இல் வந்த 'கர்ணன்' படத்தில் 'உள்ளத்தில் நல்ல உள்ளம்'. கர்ணனாக நடித்த சிவாஜிக்கு அந்தப் படத்தில் டி.எம்.எஸ். குரல். ஆனால் கர்ணன் களத்தில் அம்பு தைத்துச் சாய்ந்து கிடக்கும்போது கண்ணனாக வரும் என்.டி.ராமராவுக்காக ஒலிப்பது சீர்காழியின் குரல். படத்தைப் பார்க்காத கிழவிகளும் அந்தப் பாட்டைக் கேட்டால் முந்தானையை எடுத்துவிடுவார்கள். பந்தக்கால் நடும்போதும் அவர், பாடை கட்டும்போதும் அவர். 1988 மார்ச்சில் அவர் போனபோது வயது ஐம்பத்தைந்துதான். அன்று எங்கள் வீட்டில் நாள் முழுக்க ஆம்ப்ளியைப் போட்டு அவர் பாட்டை ஓடவிட்டார் அப்பா. வாடகை கேட்க ஆள் யாரும் இல்லாத ஒரே நாள் அதுதான்.

வெயில் தாங்கவில்லை. குளக்கரைப் படியில் அப்பா அரை மணி நேரம் தூங்கினார்.

மூன்றாம் நாள்: மாயவரம்

சுருக்கமாக எழுதுகிறேன், சுருக்கமாகத்தான் இருந்தது.

இறங்கிய லாட்ஜில் மூட்டைப்பூச்சி. ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். காலையில் துலாக்கட்டத்துக்குப் போனோம். ஆடித் தண்ணீர் வந்துவிட்டது. செம்மண் நிறம், மேலே பூவும் பிளாஸ்டிக்குமாக மிதந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர் 1910 மார்ச் 1ஆம் தேதி பிறந்த ஊர் இது. ஆனால் குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் மனிதர் திருச்சிக்காரர் ஆகிவிட்டார். அரை நாள் சுற்றியதில் அவர் பெயர் எங்கும் எங்கள் கண்ணில் படவில்லை. "எந்த பாகவதர்?" என்று திருப்பிக் கேட்டார்கள். ஒருவர் கதாகாலட்சேபத்துக்கு ஆள் தேடுகிறோம் என்று நினைத்து ஒரு போன் நம்பர் கொடுத்தார்.

மாயவரத்துக் காபி நன்றாக இருந்தது. மத்தியான ரயிலில் திருச்சிக்குக் கிளம்பினோம்.

நான்காம் நாள்: திருச்சி

பாகவதரைப் பற்றி எனக்குத் தெரிந்தது எல்லாம் தாத்தா வழியாக வந்தது. அப்பா தொழில் ஆரம்பித்த 1968லேயே பாகவதர் பழைய பாட்டு. செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிளேட்டுகளோடு ஒட்டிக்கொண்டு வந்தவர். ராத்திரி பதினொரு மணிக்கு மேல் இளசுகள் தூங்கப் போனதும் பெரியவர்கள் வந்து மெதுவாகக் கேட்பார்களாம். "பாகவதர் இருந்தா ஒண்ணு போடேன் தம்பி." தேய்ந்து போன பிளேட்டு, பாதி இரைச்சல். அந்த இரைச்சலுக்குள் தாத்தாவுக்கு மட்டும் எல்லாம் கேட்கும்.

இன்று காலை சங்கிலியாண்டபுரத்துக்கு ஆட்டோ பிடித்தோம். பாகவதர் சமாதி இருப்பது விஸ்வகர்மா சமூகத்தின் இடுகாட்டில். ஆட்டோ அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களும் உள்ள வரீங்களா?" என்றார். நாகூரில் திண்ணையில் உட்கார்ந்தாயிற்று. இங்கே உட்காரப் போவதில்லை என்று முடிவு பண்ணியிருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் எனக்குச் செருப்பு கழற்ற இடம் காட்டினார்.

நின்றோம். அப்பா கையோடு கொண்டுவந்த கதம்பத்தை வைத்தார். எனக்கு அந்த இடத்தில் தோன்றியது கொஞ்சம் அல்பமான எண்ணம்தான். இவ்வளவு சத்தமாக வாழ்ந்தவர் இருக்கிற இடத்தில் இவ்வளவு அமைதியா என்று.

பாகவதரின் அப்பா கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி பொற்கொல்லர். பையனுக்குப் படிப்பு ஏறவில்லை, பாட்டு ஏறியது. வீட்டை விட்டு ஓடிப் போன பையனைத் தேடிப் போன அப்பா, கடப்பையில் ஒரு கூட்டத்துக்கு நடுவே அவன் பாடிக்கொண்டிருக்கக் கண்டதாக ஒரு கதை உண்டு. பிறகு திருச்சி ரசிக ரஞ்சன சபாவின் எஃப்.ஜி.நடேசய்யர் கண்ணில் பட்டு, அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக மேடையேறினார். நடேசய்யர் ரயில்வேயில் அதிகாரி, நாடகப் பைத்தியம். இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கும் வருவார்.

1934இல் 'பவளக்கொடி'. மொத்தமே 14 படங்கள். இப்போதெல்லாம் ஒரு நகைச்சுவை நடிகர் ஒரே வருடத்தில் அதைத் தாண்டிவிடுகிறார். 1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. பாட்டு பாபநாசம் சிவன், இசை ஜி.ராமநாதன். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்த படம். படம் வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 8ஆம் தேதி 'இந்து நேசன்' பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் வேப்பேரியில் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். அந்த வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகித் தண்டனையும் பெற்றார்கள். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறு விசாரணை நடந்து, 1947 ஏப்ரலில் விடுதலை. அதாவது தியேட்டரில் 'மன்மத லீலையை' என்று ராஜ நடை நடந்துகொண்டிருந்த அதே மாதங்களில் ஆள் சிறையில் இருந்திருக்கிறார். திரையில் இருந்தவரைப் பார்க்கக் கூட்டம் குறையவில்லை. தாத்தா இரண்டு முறை பார்த்தார். இரண்டாவது முறை பாகவதர் ஜெயிலில் இருப்பது தெரிந்தே போனார். "அப்ப பாட்டு இன்னும் உருக்கமா இருந்துச்சு" என்பாராம். பிலிம் அதேதான்.

சிறைதான் அவரைச் சாய்த்தது என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். அவர் உள்ளே இருந்த இரண்டு வருடத்துக்கும் மேலான காலத்தில் சினிமா கைமாறிக்கொண்டிருந்தது. அதுவரை கதாநாயகன் என்றால் பாடத் தெரிந்தவன். பின்னணிப் பாட்டு பழக்கத்துக்கு வந்த பிறகு முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று ஆகிவிட்டது. 1948இல் அவருடைய 'ராஜ முக்தி' ஓடவில்லை. 1952இல் 'பராசக்தி' வந்தபோது ஜனங்கள் பாட்டை விட்டுவிட்டு வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். அந்த ஊரில் பாகவதருக்கு என்ன வேலை? 1959 நவம்பர் 1ஆம் தேதி சென்னையில் காலமானார். வயது நாற்பத்தொன்பது. நீரிழிவு. பார்வையும் போய்க்கொண்டிருந்தது. கடைசிப் படமான 'சிவகாமி' அவர் இறந்த பிறகு 1960இல் வந்தது.

ஆனால் குரல் ஒழிந்துபோகவில்லை. 1950இல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் 'ராதே நீ என்னை விட்டு ஓடாதேடி' என்று ஒரு மதுரைப் பையன் பாடினான். கண்ணை மூடிக்கொண்டால் பாகவதர். அந்தப் பையன்தான் டி.எம்.எஸ். பிறகு நாலு வருடத்தில் 'தூக்குத் தூக்கி'யில் சிவாஜிக்கும் 'மலைக்கள்ள'னில் எம்.ஜி.ஆருக்கும் பாடித் தன் குரலைக் கண்டுபிடித்துக்கொண்டார். வைகையைத் தள்ளிவைத்தாலும் அது காவிரிக்குள் வந்து விழுகிறது.

பாகவதர் தங்கத் தட்டில் சாப்பிட்டார், பன்னீரில் குளித்தார் என்று தாத்தா சத்தியம் செய்வார். அது உண்மையோ பொய்யோ, சத்தியம் செய்த குரல் உண்மை.

சாயங்காலம் மலைக்கோட்டை ஏறுவோம் என்றேன். அப்பா முழங்காலைத் தட்டிக் காட்டினார். கீழே சின்னக் கடை வீதியில் அவருக்கு ஒரு டார்ச் லைட் வாங்கினோம்.

ஐந்தாம் நாள்: கொடுமுடி

ஆடிப் பதினெட்டு. இன்றைக்கு ஆற்றங்கரை ஊருக்குப் போவது புத்திசாலித்தனம் இல்லை என்று தெரிந்தேதான் கிளம்பினோம்.

ஈரோடு பாசஞ்சர். ஜன்னலில் வாழை, நெல், வாய்க்கால், மறுபடி வாழை. முத்தரசநல்லூர், ஜீயபுரம், பெட்டவாய்த்தலை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் முளைப்பாரியும் தேங்காய்ப் பையுமாக ஏறினார்கள். குளித்தலையில் வண்டி இரண்டு நிமிடம் நின்றது. சொந்த ஊர் ஸ்டேஷனில் இறங்காமல் உட்கார்ந்திருப்பது ஒரு மாதிரி இருந்தது. நடைமேடையில் போன ஒருவர் அப்பாவைப் பார்த்துவிட்டு, "என்ன செட்டுக்காரரே, இறங்கலையா?" என்றார். "பாட்டு கேக்கப் போறேன்" என்றார் அப்பா.

கே.பி.சுந்தராம்பாளும் இந்த ரயில் பாதையில்தான் பாட ஆரம்பித்தார். 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமை. ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமியை யாரோ ஒருவர் கண்டெடுத்து நாடகக்காரர் வேலு நாயரிடம் சேர்த்தார் என்பது வரை எல்லோரும் ஒன்றாகச் சொல்கிறார்கள். கண்டெடுத்தவர் கரூரில் இருந்த ஒரு போலீஸ் அதிகாரி என்பது ஒரு கதை. நேற்றுச் சொன்ன அதே நடேசய்யர் என்பது இன்னொரு கதை. எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, ரயில்வேக்காரர் ரயிலில் ஒரு குரலைக் கேட்டார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. பிடித்திருப்பதற்காக அது உண்மையாகிவிடாது, தெரியும்.

ரயில் ஓடும் சத்தத்துக்கு மேல் பாடிப் பாருங்கள். நான் மாயனூர் தாண்டி முணுமுணுத்துப் பார்த்தேன், எதிர் சீட்டுக்குக் கேட்கவில்லை. அந்தச் சிறுமிக்குக் குருகுலம் அதுதான். அப்புறம் மைக் இல்லாத நாடக மேடை. கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் அவன் அங்கிருந்தே கத்துவான். ஆண்களே நாலு கட்டை, ஐந்து கட்டை என்று ஏறிப் பாடிய மேடை அது. அப்பாவின் பட்டியலில் இருப்பவர்கள் ஏன் குழாய்க்குப் பொருந்தினார்கள் என்பது எனக்கு இந்த ரயிலில்தான் விளங்கியது. கூம்புக் குழாயில் கீழ்ச் சத்தமே வராது, நடுவிலும் மேலேயும் இருப்பதை மட்டும் தள்ளும். குழைந்து, கிசுகிசுத்துப் பாடுகிறவர்களை அது கொன்றுவிடும். திறந்த தொண்டைக்கு அது அடிமை.

கொழும்பு நாடக மேடையில்தான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவைச் சந்தித்தார் சுந்தராம்பாள். அந்த ஜோடிப் பாட்டைக் கேட்கத் தமிழ்நாடே அலைந்தது. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது இருபத்தேழு. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்றிலிருந்து வெள்ளைச் சேலைதான். 1935இல் 'நந்தனார்' படத்துக்குக் கூப்பிட்டபோது, வரக்கூடாது என்பதற்காகவே ஒரு லட்சம் கேட்டார் என்றும் அவர்கள் கொடுத்தே விட்டார்கள் என்றும் சொல்வார்கள். கேட்ட காரணம் எதுவோ, ஒரு லட்சம் வாங்கியது உண்மை. நடித்தது நந்தனாராக, ஆண் வேடத்தில். காங்கிரஸ் மேடைகளில் பாடினார், 1951இல் சென்னை மேலவைக்குள் போனார். 1953இல் 'ஒளவையார்', 1965இல் 'திருவிளையாட'லில் மறுபடி ஒளவை. 1969இல் வந்த 'துணைவன்' பாட்டுக்குத் தேசிய விருது வாங்கியபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1980இல் மறைந்தார்.

காந்தி கொடுமுடியில் அவர் வீட்டில் சாப்பிட்டபோது தங்கத் தட்டில் பரிமாறியதாகவும், சாப்பிட்டு முடித்த காந்தி தட்டையும் கேட்டதாகவும் ஒரு கதையைப் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். மறுபடியும் தங்கத் தட்டு. இந்த ஆற்றங்கரையில் பாடகர்கள் வாழையிலையில் சாப்பிடவே மாட்டார்கள் போலிருக்கிறது.

கொடுமுடியில் காவிரி தெற்கே வந்து கிழக்கே திரும்புகிறது. மகுடேசுவரர் கோயில் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. புது மஞ்சள் கயிறு, காதோலை கருகமணி, ஈரச் சேலை. அப்பாவை வன்னி மரத்தடியில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் ஆள் இல்லை. எங்கே இருப்பார் என்று தேட வேண்டிய அவசியமும் இல்லை. சவுண்டு சர்வீஸ் பையன் பக்கத்தில் நின்றிருந்தார்.

அந்தப் பையனுக்கு இருபது வயது இருக்கலாம். ஆள் உயரத்துக்குக் கறுப்பு பாக்ஸ் நாலு. ஒரு பென் டிரைவ். அதில் அம்மன் பாட்டு ஒன்று டம் டம் என்று நெஞ்சில் இடித்தது.

"தம்பி, கே.பி.எஸ். பாட்டு இருக்கா?"

"ஆருங்க ஐயா அது?"

"உங்க ஊர்க்காரம்மாதாம்ப்பா. ஞானப்பழம் பாட்டு."

"ஓ, ஒளவையார் பாட்டுங்களா? அது இருக்குதுங்க" என்று செல்போனைத் தடவினான். அடித்துக்கொண்டிருந்த டிரம் சத்தம் நின்று, ஒரு நொடி வெற்றிடம், அப்புறம் 'பழம் நீயப்பா' என்று அந்தக் குரல் எழுந்தது. குளித்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி கையைத் தூக்கிக் கும்பிட்டாள். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

நான் அப்பா முகத்தைப் பார்க்கத் திரும்பினேன். அவர் அங்கே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாக்ஸுக்கு முதுகைக் காட்டியபடி கூட்டத்துக்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். கடைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, தலையைச் சற்றே சாய்த்து. பின்னாலேயே ஓடினேன். வளையல் கடை, பொம்மைக் கடை, கரும்புச் சாறு. பொரிக் கடை முன்னால் நின்றார்.

"இதுக்கு மேல சொல்லு புரியல பாப்பா" என்றார். "பாக்ஸுல்ல, இவ்ளோதான் வரும். குழாயா இருந்தா அக்கரையில கேட்டிருக்கும்."

அதற்குள் பாட்டை நிறுத்திவிட்டு, சிவப்புச் சட்டை போட்ட நாலு வயதுப் பையன் போலீஸ் பந்தலில் இருக்கிறான், பெற்றோர் வரவும் என்று அறிவித்தார்கள். அது இங்கே வரைக்கும் தெளிவாகவே கேட்டது. அரைப்படி பொரி வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தோம்.